கணினித் திண்ணை: காட்டுமாட்டுக்குக் கால் எங்கே?

இந்த மாதம் திண்ணைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வீட்டுப் பஞ்சாயத்து. நீலகிரிப் பிள்ளைகள் சிலர் கூடித் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் கணினி விளையாட்டு ஒன்றைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுகிறார்கள். கொழுந்து பறிக்கும் தொழிலாளி இருக்கிறார். கரடி வருகிறது, காட்டுமாடு வருகிறது, ஜீப் ஓடுகிறது. அதிகக் கொழுந்தைப் பத்திரமாகக் கொட்டகையில் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு வெற்றி. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார்கள் என்பது கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்ததும் புரிந்துவிட்டது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே இதழில் பதில். வழக்கம்போலப் பெயர் இல்லை, ஊர் மட்டும்.

நிரல் வரிகளை அப்படியே அச்சிடவில்லை. முன்பு ஒருமுறை அச்சிட்டபோது பக்க அமைப்பில் வரிகளின் முன்னிடைவெளி சரிந்துவிட்டது. பைத்தானில் முன்னிடைவெளி போனால் பொருளே போயிற்று. அந்த வாரம் நான் வாங்கிய வசவு போதும். இனி சொற்களிலேயே சொல்கிறேன்.

உதகை வாசகி: ஐயா, என் மகன் இரவு பதினொரு மணிக்கு “ஸ்பிரைட் வரவில்லை, ஸ்பிரைட் வரவில்லை” என்று புலம்புகிறான். இந்தக் குளிரில் எதற்கடா குளிர்பானம் என்று கேட்டால் சிரிக்கிறான். அது என்ன?

அம்மா, சிரித்தது தவறு என்று அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நம் குறளி மாதிரி ஒரு சின்ன ஆவி என்று பொருள். திரையில் வரைந்த பின்னணியைத் தொடாமல், அதன்மேல் குறளிபோல் மிதந்து திரியும் சிறு படத்துக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். 1982இல் வந்த கமடோர் 64 கணினியில் இதற்கென்றே சில்லுக்குள் ஏற்பாடு இருந்தது. ஒரே நேரத்தில் 8 குறளிகள். ஒவ்வொன்றும் 24 புள்ளி அகலம், 21 புள்ளி உயரம். அதற்குள் வீரனையும் அரக்கனையும் வரைந்து காட்டினார்கள்.

இன்று சில்லு எண்ணிக் கொடுப்பதில்லை. எல்லாம் நிரலில்தான். உங்கள் மகன் பயன்படுத்தும் பைகேமில், அதாவது பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் தொகுதியில், ஸ்பிரைட் என்றால் இரண்டு விஷயங்கள் கண்டிப்பாக வேண்டும்: ஒரு படம், அந்தப் படம் திரையில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் ஒரு செவ்வகம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் குறளி வராது. அவனைப் படுக்கச் சொல்லுங்கள். காலையில் பார்த்தால் பிழை தானே கண்ணில் படும்.

கோத்தகிரி வாசகர்: ஐயா, எங்கள் விளையாட்டின் எஞ்சின், அதாவது ஆட்டத்தை நடத்தும் நிரல், தனியாக ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் நடந்ததை ஜேசன் என்ற உரைவடிவக் கோப்பாக எழுதிவைக்கிறது. அதைப் படித்துத் திரையில் ஓட்டிக் காட்டும் விஷுவலைசர் என் பொறுப்பு. எந்தப் பொருள் வந்தால் எந்தப் படம் என்று ‘இஃப்’, ‘எலிஃப்’ என்ற நிபந்தனைகளைப் போட்டுப் போட்டு 140 வரி ஆகிவிட்டது. நிரலை இணைத்திருக்கிறேன். அணியில் இருக்கும் அண்ணன் “பேக்டரி கிளாஸ் எழுது” என்கிறார். அது எதற்கு? இன்னொன்று: ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டினால் கரடி காணாமல் போகிறது.

தம்பி, பேக்டரி என்று கேட்டதும் எனக்குப் பச்சைக் கொழுந்து வாடும் வாசனைதான் வருகிறது. கணினிப் பக்கம் வருவதற்கு முன் 22 ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவன் நான். ஆனாலும் அங்கிருந்து தொடங்கப் போவதில்லை. முதலில் உங்கள் 140 வரி.

அச்செடுத்து இரண்டு பேனாக்களோடு உட்கார்ந்தேன். ‘இது காட்டுமாடு, இதற்கு இந்தப் படக் கோப்பு’ என்று புதிய ஸ்பிரைட்டைப் பிறப்பிக்கும் வரிகளுக்குச் சிவப்புக் கோடு. ‘இந்தச் சுற்றில் மேய்கிறது, ஆகவே இந்த வரிசைப் படம்’ என்று கோலத்தைத் தீர்மானிக்கும் வரிகளுக்கு நீலக் கோடு. முடித்துப் பார்த்தால் தாள் முழுக்கச் சிவப்பும் நீலமும் மாறி மாறி, பாவாடைக் கரைபோல் இருக்கிறது. பிறப்பு ஒரு முறை நடப்பது. கோலம் சுற்றுக்குச் சுற்று மாறுவது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். அதைவிட மோசம், இதே தொடர் மூன்று இடங்களில் இருக்கிறது: ஆட்டம் தொடங்கும் இடம், பின்னோக்கி ஓட்டும் இடம், ஓரத்தில் ‘எந்தப் படம் எதைக் குறிக்கிறது’ என்று விளக்கும் இடம். கரடியைப் பிறகு சேர்த்தபோது முதலாவதிலும் மூன்றாவதிலும் சேர்த்தீர்கள். நடுவில் உள்ளதை மறந்துவிட்டீர்கள். கரடி எங்கும் போகவில்லை. பின்னோக்கி ஓட்டும் இடத்தில் அதற்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை.

உங்கள் அண்ணன் சொன்னது இதற்கான மருந்துதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு கிளாஸ், அதாவது தொடர்புள்ள வேலைகளை ஒன்றாகக் கட்டிய நிரல் வார்ப்பு: காட்டுமாட்டுப் பேக்டரி, கரடிப் பேக்டரி, ஜீப் பேக்டரி. உள்ளே இரண்டே செயற்கூறுகள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டுகள். இரண்டும் ஸ்டாட்டிக் மெத்தட், அதாவது அந்தக் கிளாஸிலிருந்து எதையும் பிறப்பிக்காமல் நேரே கூப்பிடக்கூடியவை. முதலாவதற்கு ‘உருவாக்கு’ என்று பெயர் வையுங்கள். அது ஒரு ஸ்பிரைட்டைச் செய்து கையில் கொடுக்கும். செய்யும்போதே அதனிடம் சொல்லிவிடும்: உன் படக் கோப்பு இது, உனக்கு இத்தனை நிலைகள், எஞ்சின் பதிவில் உன் வகை எண் இது, உன் கோலத்தை முடிவு செய்யும் செயற்கூறு இது. இரண்டாவது ‘புதுப்பி’. அந்தச் சுற்றின் தகவலை வாங்கிக்கொண்டு, எந்த வரிசைப் படங்களைக் காட்ட வேண்டும் என்று மட்டும் திருப்பிச் சொல்லும். வரைவது அதன் வேலை அன்று, நகர்த்துவதும் அன்று.

காட்டுமாட்டையே எடுத்துக்கொள்வோம். உங்கள் படத்தாளில் ஒவ்வொரு கட்டமும் 64க்கு 64 புள்ளி. குறுக்கே 6 கட்டம், கீழே 4 வரிசை. ஆக மொத்தத் தாள் 384க்கு 256. மேல் வரிசையில் நிற்கிறது, அடுத்ததில் மேய்கிறது, அதற்கடுத்ததில் நடக்கிறது, கடைசியில் தலையைத் தாழ்த்திப் பாய்கிறது. எண்ணுவது சுழியத்திலிருந்து. மேயும் வரிசையின் மூன்றாவது கட்டம் வேண்டுமானால் இடமிருந்து 2 பெருக்கல் 64, மேலிருந்து 1 பெருக்கல் 64. அங்கிருந்து 64க்கு 64 வெட்டினால் போதும். இந்த வெட்டல் கணக்கு காட்டுமாட்டுக்கும் ஜீப்புக்கும் ஒன்றே. எனவே அது பொதுவான ஸ்பிரைட் கிளாஸில் ஒரே ஒரு முறை இருக்கட்டும். காட்டுமாட்டின் ‘புதுப்பி’யில் மிஞ்சுவது நான்கைந்து வரிதான்: கோபம் இருந்தால் கடைசி வரிசை, இடம் மாறியிருந்தால் நடக்கும் வரிசை, புல் தின்றால் மேயும் வரிசை, ஒன்றும் இல்லையென்றால் நிற்கும் வரிசை.

இங்கே எல்லாரும் இடறும் கல் ஒன்று உண்டு. ‘உருவாக்கு’வுக்குள் ‘புதுப்பி’யை ஒப்படைக்கும்போது பெயரை மட்டும் எழுத வேண்டும், பின்னால் அடைப்புக்குறி போடக் கூடாது. பைத்தானில் செயற்கூறும் எண்ணைப்போல, சொல்லைப்போல ஒரு பண்டம்தான். கையில் எடுத்துக் கொடுக்கலாம். அடைப்புக்குறி போட்டீர்களானால் அது அந்த இடத்திலேயே ஓடிவிடும். ஸ்பிரைட்டின் கைக்குச் செயற்கூறு போகாது, அது ஓடி முடித்த விடைதான் போகும். சமையல்காரரை அனுப்பச் சொன்னால் ஒரு தட்டுச் சோற்றை அனுப்பிவைப்பதுபோல. முதல் சுற்று சரியாகத் தெரிந்து, இரண்டாம் சுற்றில் நிரல் விழுந்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

பிறகு ஓர் அகராதி: வகை எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய பேக்டரி. எஞ்சின் பதிவில் 7 என்று வந்தால் அகராதியில் 7ஐத் தேடு, கிடைத்த பேக்டரியின் ‘உருவாக்கு’வைக் கூப்பிடு. உங்கள் மூன்று இஃப்–எலிஃப் தொடர்களும் இந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடும். நாளைக்கு மலையணிலைச் சேர்க்க ஆசைப்பட்டால் புதுக் கோப்பு ஒன்று, அகராதியில் வரி ஒன்று. வேறெங்கும் கைவைக்க வேண்டாம், மறந்துபோக நடு இடம் எதுவும் இல்லை.

ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனி ஸ்பிரைட் கிளாஸ் எழுதி, தாய் கிளாஸின் குணங்களைப் பிள்ளை கிளாஸ் பெறும் மரபுரிமையில் பிரித்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். பைகேம் தடுக்காது. ஆனால் உங்கள் திரையில் கரடியும் ஜீப்பும் நகர்வது ஒரே விதம், வரைவது ஒரே விதம். வித்தியாசம் எந்த வரிசை என்பதில் மட்டும். அந்தத் துண்டு வித்தியாசத்துக்காக முழு வம்சாவளி எழுதுவானேன்? வித்தியாசத்தை மட்டும் ஒரு செயற்கூறாகக் கையில் கொடுப்பது எனக்குப் பிடித்த வழி.

இப்போது தேயிலை. சிறு விவசாயி மூட்டையைத் தராசில் வைக்கிறார், எடைச்சீட்டு வாங்குகிறார், போய்விடுகிறார். கொழுந்து எத்தனை மணி நேரம் வாடியது, எந்த சி.டி.சி. உருளையில் நசுங்கியது, எந்தச் சல்லடையில் விழுந்து தூள் ஆனது என்பதெல்லாம் அவர் தலைவலி அன்று. உங்கள் முதன்மை நிரலும் அந்த விவசாயிபோல் இருக்க வேண்டும்: வகை எண்ணைக் கொடுத்தோமா, ஸ்பிரைட்டை வாங்கினோமா. இதுவரை உவமை சரி. ஓர் இடத்தில் இது காலை வாரிவிடும். தொழிற்சாலைக்குள் போன கொழுந்து திரும்பாது. உங்கள் பேக்டரிக்குள் போன தகவல் அப்படியே, ஒரு புள்ளி மாறாமல் இருக்க வேண்டும். காட்டுவதுதான் விஷுவலைசரின் வேலை. நடந்ததை அது திருத்தக் கூடாது.

இதை நான் அடிபட்டுக் கற்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலைத் திரையில் ஓட்டிக் காட்ட ஒரு நிரல் எழுதினேன். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, எல்லாவற்றையும் பட்டியலிட்டேன். விஷுவலைசருக்குத் தமிழில் ‘ஆட்டங்காட்டி’ என்று பெயரும் சூட்டினேன். பெயருக்கு ஏற்றபடி அது எனக்கு ஆட்டம் காட்டியது. ‘புதுப்பி’க்குள் பெட்டியின் இடத்தைக் கணக்கிடும்போது, பதிவில் இருந்த எண்ணையே கூட்டி மாற்றி வைத்துவிட்டேன். முன்னோக்கி ஓடும்வரை தெரியவில்லை. பின்னோக்கி ஓட்டினால் ரயில் ஹில்குரோவ் வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. கல்லாறு வரவே இல்லை. இரண்டு ராத்திரி தேடினேன். அதைச் சரி செய்து, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகக் காட்டினால், அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. நான் நீராவி எஞ்சினை முன்னால் கட்டியிருந்தேன். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். பிறந்ததிலிருந்து பார்த்த ரயில், வரையும்போது மறந்துவிட்டது. நல்லவேளை, பெட்டிகளின் வரிசையைத் தீர்மானிக்கும் வரி ஒரே ஒரு பேக்டரியில் இருந்தது. அதை மட்டும் மாற்றினேன்.

கடைசியாக ஒன்று. மொத்தமே மூன்று பொருள் உள்ள விளையாட்டுக்குப் பேக்டரி எழுதாதீர்கள். இரண்டு கூடைக் கொழுந்துக்கு உலர்த்தும் அடுப்பை மூட்டியதுபோல் ஆகும். உங்களிடம் 14 வகை இருக்கிறது, மூட்டலாம்.

கூடலூர் வாசகி: நான் படம் வரைகிறேன், ஐயா. காட்டெருமை திரையில் வருகிறது, ஆனால் முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. காற்றில் மிதக்கிறது. அணியில் எல்லாரும் என் படத்தைக் குறை சொல்கிறார்கள். படத்தைத் திறந்து பார்த்தால் கால் இருக்கிறது!

உங்கள் படத்தில் குறை இல்லை. சொல்லப்போனால், நன்றாக வரைந்ததால் வந்த வினை இது. நம் மலையில் திரிவதைக் காட்டெருமை என்று பத்திரிகை முதல் பால்காரர் வரை எல்லாரும் சொல்கிறோம். அது எருமை அன்று, காட்டுமாடு. உடம்பெல்லாம் கருத்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் இருக்கும். நீங்கள் அதைக் கவனித்து அப்பட்டமான வெள்ளையில் வரைந்திருக்கிறீர்கள். கோத்தகிரித் தம்பி தன் நிரலில், படத்தின் வெள்ளைப் பின்னணியை மறைப்பதற்காகக் ‘கலர்கீ’ என்ற ஏற்பாட்டில் வெள்ளையைக் கொடுத்திருக்கிறார். சிவப்பு 255, பச்சை 255, நீலம் 255. கலர்கீக்குப் பின்னணி எது, கால் எது என்று தெரியாது. அந்த நிறத்தில் எந்தப் புள்ளி இருந்தாலும் அதை வரையாமல் விட்டுவிடும். பின்னணியோடு சேர்ந்து காலும் போயிற்று. கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள், கண்மணியில் நீங்கள் வைத்த வெள்ளைப் பொட்டின் வழியாகத் தேயிலைச் செடியின் பச்சை தெரியும்.

இரண்டு வழி. படத்தில் எங்குமே வராத ஒரு நிறத்தைப் பின்னணியாக வைப்பது பழைய வழி. கண்ணைக் குத்தும் அந்த மெஜந்தாவை, அதாவது 255, 0, 255ஐ, இதற்காகவே பலரும் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் கோப்பை ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். ஜேபெக் சுருக்கும்போது ஓரத்துப் புள்ளிகளின் நிறம் சற்றே பிசகும்; கலர்கீ அச்சொட்டான நிறத்தைத்தான் மறைக்கும்; மாட்டைச் சுற்றி இளஞ்சிவப்பு ஜரிகை கட்டியதுபோல் ஆகிவிடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: பின்னணியே இல்லாத பி.என்.ஜி. கோப்பாகக் கொடுங்கள், கலர்கீ வரியை நீக்கச் சொல்லுங்கள், படத்தை ஏற்றியதும், வெற்றிடத்தை வெற்றிடமாகவே வைத்துப் படத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் ‘கன்வர்ட் ஆல்பா’வைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆனால் திரைச் சாளரத்தைத் திறந்த பிறகுதான் அதைக் கூப்பிட வேண்டும். முன்பே கூப்பிட்டால் காட்சித் திரையே இல்லையே என்று பைகேம் முறையிடும்.

கேத்தி வாசகர்: காட்டுமாட்டுக்குக் கோபம் வந்தால் அதன் படத்தின்மேல் சிவப்பு பூசும்படி எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குப் பூசினால் தோட்டத்தில் இருக்கும் பன்னிரண்டும் சிவக்கின்றன. கோபம் தணிந்த பிறகும் நிறம் போகவில்லை. நேரம் ஆக ஆகச் சிவப்பு ஏறிக்கொண்டே போகிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு பிழை இருக்கிறது. ஒன்று மற்றொன்றின் முதுகில் ஏறிக்கொண்டிருக்கிறது.

முதலாவது. யாரோ ஒருவர் புத்திசாலித்தனமாக, படக் கோப்பை ஒரு முறை மட்டும் திறந்து நினைவில் வைத்துக்கொண்டு, கேட்கும் ஸ்பிரைட்டுக்கெல்லாம் அதையே கொடுக்கும்படி பேக்டரியை எழுதியிருக்கிறார். நல்ல காரியம்தான். ஆனால் பன்னிரண்டு மாடுகளிடமும் பன்னிரண்டு படம் இல்லை. ஒரே படம், பன்னிரண்டு பேர் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பஸ் நிலையத்தில் மாட்டியிருக்கும் ஒரே காலப்பட்டியலில் ஒருவர் பேனாவால் கிறுக்கினால் எல்லாருக்கும்தானே கிறுக்கலாகத் தெரியும்? சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள்: முதல் மாட்டின் படமும் இரண்டாம் மாட்டின் படமும் ஒன்றேதானா என்று பைத்தானின் ‘இஸ்’ கொண்டு கேளுங்கள். ‘ட்ரூ’ என்று வந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

தாளிலிருந்து கட்டங்களை வெட்டுவதற்கு ‘சப்சர்பேஸ்’ பயன்படுத்தியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பெயர்தான் வெட்டல்; உண்மையில் அது எதையும் வெட்டி எடுப்பதில்லை, பெரிய தாளில் ஒரு ஜன்னலைத் திறந்து காட்டுகிறது. ஜன்னல் வழியாகப் பூசினால் தாளில்தான் பூசுகிறீர்கள்.

இரண்டாவது பிழை: ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது திரையை ஒவ்வொரு முறை வரையும்போதும், ஏற்கெனவே பூசியதன்மேல் மறுபடி பூசுகிறீர்கள். நொடிக்கு 60 சட்டகம் என்றால் 60 பூச்சு. சிவப்பு ஏறாமல் என்ன செய்யும்?

தீர்வு, பூசுவதைப் பேக்டரிக்குள் கொண்டுபோவது. படத்தை முதல்முறை ஏற்றும்போதே ‘காப்பி’ எடுத்து, அந்த நகலில் ஒரே ஒரு முறை சிவப்பு பூசி, சாதா மாடு ஒன்று, சிவந்த மாடு ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். கோபம் வந்த மாட்டின் படமாகச் சிவந்ததைக் காட்டுங்கள். தணிந்ததும் சாதாவைக் காட்டுங்கள். ஓடும் ஆட்டத்தில் யாரும் தூரிகையைத் தொடக் கூடாது.

இதைப் படித்துவிட்டு, “பகிர்வதே வேண்டாம், ஆளுக்கொரு படம் ஏற்றுகிறேன்” என்று எதிர்ப்பக்கம் ஓடாதீர்கள். உங்கள் தோட்டத்தில் 400 தேயிலைச் செடி இருக்கிறது. 64க்கு 64 கட்டம், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் 16,384 பைட். நானூறுக்கும் சேர்த்து ஆறரை மெகாபைட்டுக்குப் பக்கம். நினைவகத்துக்கு அது கொசு. வலி வேறிடத்தில். ஒரே பி.என்.ஜி. கோப்பை 400 முறை திறந்து 400 முறை பிரித்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் கிடைப்பதோ 16 மில்லிநொடிச் சொச்சம். ஆட்டத்தின் நடுவில் இதைச் செய்தால் ஜீப் மேடேறுவதுபோல் திக்கித் திக்கி நகரும்.

மஞ்சூர் வாசகர்: பேக்டரி அகராதியில் வகை எண்ணுக்குப் பதிலாகத் தமிழ்ப் பெயரையே சாவியாக வைத்தேன்: ‘தொழிலாளி’. எஞ்சின் எழுதும் பதிவிலும் ‘தொழிலாளி’. ஆனாலும் அப்படிச் சாவியே இல்லை என்று ‘கீ எரர்’ வருகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து ஒரே சொல். தமிழில் எழுதியதுதான் தவறு என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

உண்மை இல்லை. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதல் கிளாஸுக்கும் செயற்கூறுக்கும்கூடத் தமிழில் பெயர் வைக்கலாம். மொழியின் சொந்தச் சொற்கள் மட்டும்தான் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நான் அப்படித்தான் எழுதுகிறேன். உங்கள் சிக்கல் ஓர் ஒகரக் குறியில் இருக்கிறது.

இரண்டு சொற்களுக்கும் ‘லென்’ போட்டு நீளம் பாருங்கள். ஒன்று 8 என்றும் மற்றொன்று 9 என்றும் வரும் என்று பந்தயம் கட்டுகிறேன். ‘தொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம்: தகரமும் ‘ொ’ என்ற ஒரே குறியும், அல்லது தகரம், பிறகு கொம்பு, பிறகு துணைக்கால் என்று மூன்று துண்டாக. திரையில் இரண்டும் அட்சரம் பிசகாமல் ஒன்றுபோலவே தெரியும். உங்களில் யாரோ ஒருவர் பழைய எழுத்துருவில் இருந்த பெயர்ப் பட்டியலை மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். மூன்று துண்டு அங்கிருந்துதான் வந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாறிக்கும் செயற்கூறுக்கும் வைத்த பெயராக இருந்தால் பைத்தான் தானே இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல்லை அது தொடாது. உங்கள் சொல், உங்கள் பொறுப்பு. அகராதிச் சாவி அந்த வகை. ‘யூனிகோட்டேட்டா’ என்ற தொகுதியில் ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது, பிரிந்த துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. முறையைச் சொல்லி, சாவி வைக்கும்போதும் தேடும்போதும் சொல்லை அதன் வழியாக அனுப்புங்கள். இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு எனக்கு மறுபடி எழுத வேண்டாம்.

அதுவும் ஒரு சிலவற்றைத்தான் திருத்தும். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் தட்டி ‘ஒள’ என்று எழுதிவைத்தால் எந்த நார்மலைஸும் காப்பாற்றாது. அது நேர்மையான எழுத்துப் பிழை. என்னைக் கேட்டால், எஞ்சினும் விஷுவலைசரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள எண்களே போதும். தமிழ்ப் பெயரைப் பார்ப்பவர் கண்ணுக்குக் காட்டும் இடத்தில் வையுங்கள்.

குன்னூர் வாசகர்: சொந்தமாக ஒரு ஸ்பிரைட் கிளாஸ் எழுதினேன். ஸ்பிரைட்டுகளை ஒன்றாக வைத்திருக்கும் பைகேம் குழுவில் அதைச் சேர்க்கும்போது, நான் எழுதவே எழுதாத ஒரு பண்பு இல்லை என்று ‘அட்ரிபியூட் எரர்’ வருகிறது. நான் வைக்காத பெயரை அது ஏன் தேடுகிறது?

தாய் கிளாஸின் தொடக்கச் செயற்கூறைக் கூப்பிட மறந்துவிட்டீர்கள். எந்தெந்தக் குழுவில் தான் உறுப்பினர் என்ற குறிப்பைப் பைகேமின் ஸ்பிரைட் தனக்குள் வைத்திருக்கும். அதைத் தொடங்கிவைப்பது தாய் கிளாஸ். உங்கள் தொடக்கச் செயற்கூறின் முதல் வரியாக ‘சூப்பர்’ வழியாக அதைக் கூப்பிடுங்கள், தீர்ந்தது. பக்கத்துத் தெருதானே, அடுத்த முறை நேரிலேயே வரலாம், தபால்தலை மிச்சம்.

அருவங்காடு வாசகர்: ஐயா, தேயிலைத் தோட்ட விளையாட்டு அணியின் மூத்தவன் நான். தம்பிகளிடம் பேக்டரி எழுதச் சொன்னதும் நான்தான். அடுத்ததாக, பேக்டரிகளையே உருவாக்கித் தரும் ஒரு பேக்டரி எழுதலாம் என்று இருக்கிறேன். உங்கள் கருத்து?

வேண்டாம். பனிமூட்டத் தோட்டம், வெயில் தோட்டம் என்று எல்லாப் பொருளுக்கும் இரண்டு முழுப் படத்தொகுதிகள் வந்து, ஒரே சொடுக்கில் தொகுதியையே மாற்ற வேண்டிய நாளில் அது கைகொடுக்கும். உங்களிடம் இருப்பது ஒரே தொகுதி, அதிலும் மாட்டுக்கு இன்னும் கால் வரவில்லை. கேத்தி வாசகருக்குச் சொன்ன பதிலை ஒரு முறை படியுங்கள். படத்தை ஒரு முறை மட்டும் ஏற்றி எல்லாருக்கும் பகிர்ந்த அந்தப் புத்திசாலி யார் என்று நிரலின் மேல் வரியில் இருந்த குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஊர் அருவங்காடு என்று போட்டிருந்தது.